இருபத்தாறில் நின்ற பியர்

பியர் டிரம்முக்குச் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்திருந்தார்கள். கழுத்தில் இரண்டு முழம் மல்லிகை. நின்றுபோன டிரம்மை ஓட வைக்கும் தொழிலுக்குக் கருணாம்பிகை வந்து பதினாறு வருடம் ஆகிறது. டிரம்முக்கு எலுமிச்சம்பழம் கட்டிய வீடு பார்த்திருக்கிறாள், திருஷ்டி பொம்மை மாட்டிய வீடு பார்த்திருக்கிறாள். பொன்னாடை போர்த்திய டிரம்மை இப்போதுதான் பார்க்கிறாள்.

"குளிருக்குங்களா சார்?" என்று கேட்டாள்.

"கௌரவத்துக்கு" என்றார் முனைவர் ரித்விக் சென்னியப்பன்.

அறுபத்திரண்டு வயது. வீட்டுக்குள்ளேயே மடிப்புக் கலையாத சட்டை. அவர் பிறந்த காலத்தில் கோயமுத்தூரில் தடுக்கி விழுந்தால் ஒரு ரித்விக் மேலேயோ வர்ஷிதா மேலேயோதான் விழ வேண்டும். அந்த ரித்விக்குகள் எல்லாம் இப்போது சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறார்கள். பிள்ளைகளுக்குக் காளியண்ணன், நாச்சாயி என்று பெயர் வைத்துப் பழைய பாவத்துக்குப் பரிகாரம் தேடிக்கொண்டார்கள்.

கருணாம்பிகை பொன்னாடையை விலக்கினாள். மூடியின் மேல் இருக்கும் குமிழிக் குழாயில் தண்ணீர் அசையாமல் நின்றது. உள்ளே ஈஸ்ட் வேலை செய்தால் அதில் குமிழி வர வேண்டும், பொளக் பொளக் என்று சத்தம் கேட்க வேண்டும். இங்கே ஏசியின் சத்தம் மட்டும்தான் கேட்டது. கீழ்க்குழாயைத் திறந்து ஒரு ஜாடியில் சாறு பிடித்து சர்க்கரை அளக்கும் ஹைட்ரோமீட்டரை மிதக்க விட்டாள். மிதவை இரண்டு தரம் ஆடி நின்றது.

"இருபத்தாறுங்க சார். அம்பதுல ஆரம்பிச்சிருக்கீங்க. ஈஸ்ட்டு சர்க்கரையத் தின்னத் தின்ன இது பத்துக்கு எறங்கோணும். பாதியில படுத்துக்கிச்சு. இப்ப இது பியருமில்ல, பாயாசமுமில்ல."

"ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் பெண் வீட்டார் வருகிறார்கள்" என்றார் ரித்விக், ஈஸ்ட்டுக்கும் கேட்கட்டும் என்பதுபோல. "பொள்ளாச்சி வழக்கறிஞர் தர்ஷன் மாரப்பன் குடும்பம். முத்திரை குத்திய புட்டி மேசையில் இருந்தால்தான் தட்டு மாற்றுவார்கள். இல்லாவிட்டால் காரைத் திருப்பிவிடுவார்கள். இன்று புதன்."

இந்த இடத்தில் ஈஸ்ட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கருணாம்பிகைக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவளுடைய உரிமத் தேர்வில் அது ஏழாவது பாடம். அந்தப் பாடத்தை எழுதியவரே எதிரில் நிற்பதால் தப்ப முடியவில்லை.

"இந்த ஈஸ்ட்டின் பெயர் சாந்தி. முதலில் மருத்துவமனைகளுக்காக உருவாக்கினார்கள். பேச முடியாத நோயாளிக்குப் பயம் வந்தால் அவன் வியர்வையில் ஒரு வாசனை மாறும். மனித மூக்குக்குத் தெரியாது. சாந்திக்குத் தெரியும். அந்த வாசனை பட்டதும் அது…"

"தன் தொழிலை நிறுத்திக்கொள்ளும்" என்று முடித்தாள் கருணாம்பிகை. பரீட்சையில் இரண்டு மதிப்பெண் கேள்வி.

"நன்று. அதை யாரோ ஒரு குறும்பன் பியரில் போட்டுப் பார்த்தான். மூடியில் ஒரு மெல்லிய சவ்வை வைத்தான். மூக்கு என்கிறீர்களே, அதுதான். வீட்டுக் காற்று அது வழியாக உள்ளே போகும். பயம் இல்லாத வீட்டில் பியர் பத்துக்கு இறங்குகிறது. பயமுள்ள வீட்டில் நின்றுவிடுகிறது. குறும்பன் சிரித்தான். நான் சிந்தித்தேன். இல்ல அமைதி வாரியம் பிறந்தது."

வாரியம் பிறந்த மறுவருடமே கல்யாணத் தரகர்கள் அதைத் தத்தெடுத்துக்கொண்டார்கள். ஜாதகக் கட்டுக்குப் பக்கத்தில் ஒரு புட்டி வைக்கும் வழக்கம் வந்தது. பியர் என்று வாயால் சொன்னாலே வாயைக் கழுவிய குடும்பங்கள்கூட அடுக்களைக்குப் பக்கத்தில் டிரம் வைத்தன. யாரும் குடிப்பதில்லை, முத்திரையைத்தான் பார்ப்பார்கள். "எங்க வீட்டுல பத்து" என்று சொல்வது, எங்க பையன் டாக்டர் என்று சொல்வதைவிடப் பெருமையாகிவிட்டது. அந்த வாரியத்தின் முதல் தலைவர், 'குடும்ப அமைதிச் செம்மல்', இந்த முனைவர் ரித்விக் சென்னியப்பன்.

"இதுக்கு முன்னாடி வீட்டுல போட்டிருக்கீங்களா சார்?"

"தலைவருக்கு விலக்கு உண்டு. சட்டம் எழுதுகிறவனே அதற்குச் சோதனைப் பொருளானால் மக்களுக்கு மரியாதை இருக்குமா?"

கருணாம்பிகை ஏசியைப் பார்த்தாள். பதினாறு டிகிரி.

"இந்தக் குளிருல ஈஸ்ட்டு போர்வை கேக்கும் சார். இருபத்திரண்டாவது வேணும்" என்று ஏசியை அணைத்தாள். டிரம்மை இரண்டு கையாலும் பிடித்து, அடியில் படிந்த ஈஸ்ட் மேலே கலங்கி வரும்படி மெல்லச் சுழற்றினாள். சூடம் ஏற்றும் தட்டை எடுத்து எட்ட வைத்தாள். "பக்கத்துல புகை வேண்டாங்க. மூக்கு அடைச்சுக்கும்."

"மூக்கையே மூடிவிட்டால்?" என்றார் ரித்விக். தான் எதற்கும் கேட்கவில்லை, ஆராய்ச்சிக்காகத்தான் என்ற முகபாவத்தில்.

"அரைமணியில ஈஸ்ட்டு செத்துரும். யாரும் ஏமாத்தாம இருக்க அப்படி வளர்க்கோணும்னு விதி போட்டதே நீங்கதானுங்க."

அவர் மனைவி வர்ஷிதா டம்ளரில் மோர் கொண்டு வந்து நீட்டினார். ஐம்பத்தாறு வயது இருக்கும். வந்த சத்தமே தெரியவில்லை. அந்த வீட்டில் எல்லோரும் பஞ்சுச் செருப்பு போட்டிருந்தார்கள். டம்ளரின் அடியில்கூட வட்டமாக வெட்டிய ஒரு துணி ஒட்டியிருந்தது.

"மோருல உப்பு…" என்று தொடங்கிய வர்ஷிதா கணவரைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"பாருங்கள்" என்றார் ரித்விக். "முப்பத்திரண்டு வருடக் குடித்தனம். இந்தச் சுவர்கள் ஓர் உரத்த சொல்லைக் கேட்டதில்லை. இதைவிட அமைதியான வீட்டை அந்த ஈஸ்ட் எங்கே போய்த் தேடும்?"

பத்தாயிரம் டிரம் பார்த்தவள் கருணாம்பிகை. சத்தமான வீடுகளில் ஈஸ்ட் நிற்பதில்லை என்பது அவளுக்குத் தெரியும். சிங்காநல்லூரில் ஒரு வீட்டில் மாமியாரும் மருமகளும் காலை ஆறு மணிக்கு ஆரம்பித்தால் தெருவே கேட்கும். அங்கே எட்டே நாளில் பத்து. இதையெல்லாம் செம்மலிடம் சொல்ல முடியாது. மோரைக் குடித்துவிட்டுக் குறிப்பேட்டைப் புரட்டினாள்.

மகன் காளியண்ணன் தினமும் கணக்காக எழுதியிருந்தான். முதல் நான்கு நாள் நல்ல ஓட்டம். ஐம்பது, நாற்பத்தி மூன்று, முப்பத்தைந்து, இருபத்தாறு. அப்புறம் இருபத்தாறு. அப்புறமும் இருபத்தாறு.

"அந்த நாலு நாளும் நீங்க எங்கிங்க சார் இருந்தீங்க?"

"மதுரையில். குடும்ப அமைதி மாநாட்டுக்குத் தலைமை. ஏன்?"

"சும்மா கேட்டனுங்க."

"நான் திரும்பி வந்ததும் ஈஸ்ட் ஒரு கட்டுப்பாட்டுக்கு வந்திருக்கிறது என்று நினைக்கிறேன்" என்றார் அவர், அடக்கமாக.

புதன் மாலை வரை ஒரு குமிழி வரவில்லை. வியாழன் காலை கருணாம்பிகை ஈஸ்ட்டுக்கு ஊட்டப்பொடி போட்டாள். வேறொரு வீட்டில் பொங்கிக்கொண்டிருந்த டிரம்மிலிருந்து உயிரோட்டமான நுரையை ஒரு குடுவை எடுத்து வந்து இதில் ஊற்றினாள். நின்றுபோன டிரம்முக்கு இதற்கு மேல் மருந்து கிடையாது. இரண்டு மணி நேரம் குமிழி வந்தது. அந்நேரத்தில் ரித்விக் மாடியில் தொலைபேசியில் யாருக்கோ வாழ்த்துரை சொல்லிக்கொண்டிருந்தார். வாழ்த்துரை முடிந்து படியிறங்கினார். கடைசிப் படியில் அவர் கால் படும்போது, அடுக்களைக் கதவருகே வர்ஷிதா முந்தானையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்தார். குமிழி நின்றது.

"இனி உட்கார வைக்கிறதுதான் சார் பாக்கி" என்றாள் கருணாம்பிகை.

அது தொழிலில் கடைசி வழி. வீட்டிலுள்ள ஒவ்வொருவரையும் தனித்தனியாக டிரம் அறையில் இருபது நிமிடம் உட்கார வைத்து, வெளியிலிருந்து குமிழியை எண்ண வேண்டும். யார் இருக்கும்போது நிற்கிறதோ அவர் பெயரைப் படிவம் ஆறில் 'காரணமானவர்' என்ற கட்டத்தில் எழுதி, அவர் விலகியிருக்கிறார் என்று சான்று தர வேண்டும். அப்படி விலகினால்தான் வாரியம் முத்திரை குத்தும்.

ரித்விக் முதல் ஆளாகப் போனார். போகும்போது தலையைச் சீவிக்கொண்டார். நாற்பத்தி மூன்று குமிழி. சமையல்காரர் லோகித்துக்கு இருபது. காளியண்ணனுக்குப் பதினைந்து. வர்ஷிதாவுக்கு ஒன்றுகூட இல்லை. இருபது நிமிடமும் அந்த அம்மாள் கைகளை மடியில் கோத்துக்கொண்டு, டிரம்முக்குத் தொந்தரவு ஆகிவிடக் கூடாது என்று மூச்சைக்கூடப் பார்த்து விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அறிவியல் பேசிவிட்டது" என்றார் ரித்விக். "வர்ஷிதா, நான் உன்னைக் குறை சொல்லவில்லை. அறிவியல்தான் சொல்கிறது."

"அப்பா, அம்மா என்ன பண்ணுச்சு?" என்றான் காளியண்ணன்.

"அப்படியா?" என்றார் ரித்விக்.

அவ்வளவுதான். குரல் உயரவில்லை, புருவம்கூட அசையவில்லை. ஆனால் முப்பது வயது காளியண்ணன், வானிலை நிலையத்தில் புயலுக்கு நாள் குறிக்கிறவன், தரையைப் பார்த்தான். லோகித் கையிலிருந்த கரண்டியை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். கருணாம்பிகைக்கே ஒரு கணம், தான் ஏதோ கணக்கில் தப்பு செய்துவிட்டதுபோல் இருந்தது.

அவள் தொண்டையைச் செருமினாள். "சார், ஈஸ்ட்டு பயத்தைத்தான் மோந்து பாக்குது. பயப்படறவங்களைக் காட்டும். பயப்படுத்தறவங்களைக் காட்டாதுங்க. அவங்களுக்கு வேர்க்காதில்லீங்களா."

"யார் யாரைப் பயப்படுத்துகிறார்கள்?"

"அதுக்குப் படிவத்துல கட்டம் இல்லீங்களே."

"படிவத்தை வடிவமைத்தவன் நான். அப்படி ஒரு கட்டம் தேவைப்பட்டிருந்தால் வைத்திருக்க மாட்டேனா? எழுதுங்கள். வர்ஷிதா. நெடில் இல்லாத வ."

கருணாம்பிகையின் பேனா கொஞ்ச நேரம் அந்தக் கட்டத்துக்கு மேலேயே நின்றது. எழுதாவிட்டால் முத்திரை இல்லை. முத்திரை இல்லாவிட்டால் இந்தப் பையனுக்கும் பொள்ளாச்சிப் பெண் நாச்சாயிக்கும் கல்யாணம் இல்லை. வாசலில் வைத்து அவன் அவளிடம் சொல்லியிருந்தான்: "அக்கா, நாங்க ரெண்டு பேரும் ஒரே ஆபீஸ். மூணு வருஷமாச்சு. புட்டி இல்லாம வந்தா கேட்டைத் தாண்டாதேன்னு அவங்கப்பா சொல்லிட்டாரு. எப்படியாச்சும் எறக்கிக் குடுங்க." எழுதினாள்.

வர்ஷிதா துணிமணி எடுத்து வைக்க உள்ளே போனார். கோபியில் தம்பி வீடு இருந்தது. கருணாம்பிகை தண்ணீர் குடிக்கிற சாக்கில் பின்னாலேயே போனாள்.

"எம்மேல வீச்சம் அடிக்குதுங்களா அம்மணி?" என்று கேட்டார் வர்ஷிதா, பைக்குள் சேலையை வைத்தபடி.

"ஐயோ, அப்படியெல்லாம் இல்லீங்க்கா."

"தப்பா நெனைச்சுக்காதீங்கோ. அவரு ஒரு நாள் கை நீட்டுனதில்ல. ஒரு கெட்ட வார்த்தை சொன்னதில்ல. நான் ஏதாச்சும் சொன்னா 'அப்படியா'ம்பாரு. அதுக்கப்புறம் ரெண்டு நாளு, மூணு நாளு பேச மாட்டாரு. என்ன தப்புன்னு நானா கண்டுபுடிக்கோணும். கண்டுபுடிச்சுச் சொன்னா, 'அதுவுமா?'ம்பாரு." பையின் ஜிப்பை இழுத்தார். "எனக்கே தெரியலீங்க, பயம்னு. வயசாயிருச்சு, அதான் படபடப்புன்னு மாத்திரை தின்னுட்டு இருந்தேன். இந்த எளவு ஈஸ்ட்டு வந்துதான் சொல்லோணுமா?"

வண்டி தெருமுனை திரும்பிக் கொஞ்ச நேரத்தில் டிரம்மில் பொளக் என்றது. ஒரு நிமிடம் கழித்து இன்னொன்று. ரித்விக் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "கிளம்பிப் பதினொரு நிமிடம்" என்றார், ஏவுகணை விட்டவர் மாதிரி.

வெள்ளி காலை இருபது. வெள்ளி மதியமும் இருபது.

என்ன நடந்தது என்பதைக் கருணாம்பிகை கண்ணால் பார்த்தாள். வழக்கமாக ஒரு தலையில் விழுகிறது இப்போது விழ வேறு தலை தேடியது. காலைப் பலகாரத்துக்கு உட்கார்ந்த ரித்விக், தட்டைப் பார்த்து, "லோகித், சட்னி இப்படித்தான் இருக்குமா?" என்றார். லோகித், "அம்மாதானுங்க எப்பவும் தாளிப்பாங்க" என்றார். "அப்படியா?" என்றார் ரித்விக். லோகித் இருபது வருடம் கல்யாண மண்டபங்களில் ஆயிரம் பேருக்குப் பந்தி போட்டவர். அடுக்களைக்குத் திரும்பி வந்து ஒரு கிண்ணம் சட்னியைத் திரும்பத் திரும்ப ருசி பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுபடி உட்கார வைத்தாள். லோகித்துக்குப் பூஜ்யம். படிவத்தில் இரண்டாவது பெயர் ஏறியது.

"சந்தோசமுங்க" என்றார் லோகித், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு. "எங்கிங்க போகோணும்? கோபிக்கா? அம்மாவுக்கு ஒத்தாசைக்கு ஆள் வேணுமில்லீங்க." பதில் வருவதற்குள் கேட்டைத் தாண்டிவிட்டார்.

"மேற்பார்க்க வீட்டம்மா இல்லாவிட்டால் போதும், பணியாளர்களுக்கு உடனே சோம்பல்" என்றார் ரித்விக். குமிழி வந்தது. அன்று மதியம் அவரே தோசை ஊற்றினார். அதை விவரிக்க வேண்டாம்.

சனிக்கிழமை காலை பதினாறு. பத்து மணிக்கும் பதினாறு. வீட்டில் இப்போது அப்பாவும் மகனும்தான். கருணாம்பிகை யாரையும் உட்கார வைக்கவில்லை. காளியண்ணனே வந்து டிரம்முக்கு முன் தரையில் உட்கார்ந்தான். குழாயில் தண்ணீர் அசையவில்லை.

"நானேதானுங்களாக்கா?"

"ஆமா தம்பி."

"காலையில சட்டை தேய்ச்சுட்டு இருந்தேன். நாளைக்கு இதைத்தான் போடப் போறியான்னு கேட்டாரு. ஆமான்னேன்." அதற்கு அப்பா என்ன சொல்லியிருப்பார் என்று கருணாம்பிகைக்குத் தெரியும். "மூணு மணி நேரமா பீரோவுல இருக்கற அத்தனை சட்டையையும் தேய்ச்சுட்டேன்."

ரித்விக் வாசற்படியில் நின்று இருவரையும் பார்த்தார். முதல்முறையாக அவர் முகத்தில் ஒரு சின்னச் சிக்கல் தெரிந்தது. தட்டு மாற்றும் நாளில் மாப்பிள்ளை இல்லாமல் எப்படி? ஆனால் மனம் தளர்கிறவர் செம்மல் பட்டம் வாங்க முடியாது.

"யோசித்துப் பார்த்தால்" என்றார், "அவர்கள் முத்திரையைப் பார்க்கத்தான் வருகிறார்கள். மாப்பிள்ளையைப் பெண் தினமும் அலுவலகத்தில் பார்க்கிறாள். புட்டி இருந்து மாப்பிள்ளை இல்லாவிட்டால் விளக்கம் சொல்லலாம். மாப்பிள்ளை இருந்து புட்டி இல்லாவிட்டால் என்ன சொல்வது?"

"அப்ப நானும் போயரட்டுங்களாப்பா?"

"குடும்ப நலனுக்காக."

காளியண்ணன் எழுந்தான். தேய்த்த சட்டைகள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, கட்டியிருந்த லுங்கிக்கு மேலே ஒரு பழைய பனியனை மாட்டிக்கொண்டான். பைக்கில் ஏறி, கருணாம்பிகையிடம் மட்டும், "பத்துக்கு எறங்குனா ஒரு போன் போடுங்கக்கா" என்றான்.

அதன்பிறகு அந்த டிரம் ஓடிய ஓட்டத்தை அவள் தொழில் வாழ்க்கையில் கண்டதில்லை. மாலைக்குள் பன்னிரண்டு. அவள் போர்ட்டிகோவிலேயே உட்கார்ந்துகொண்டாள், தன் வாசனைகூட உள்ளே போக வேண்டாம் என்று. உள்ளே ரித்விக் அறை அறையாக நடந்தார், நாற்காலிகளை நேராக்கினார், டிரம்முக்கு முன்னால் நின்று நாளைய வரவேற்புரையைச் சொல்லிப் பார்த்தார். அவருக்கு எந்தக் கவலையும் இல்லை என்பதற்கு டிரம் நிமிடத்துக்கு மூன்று முறை சாட்சி சொன்னது.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு மிதவை பத்தில் நின்றது. நல்ல பியர். தேன் நிறம், தெளிவு, லேசான கசப்பு. கருணாம்பிகை புட்டியில் அடைத்து, படிவத்தைச் சேர்த்து, வாரியத்தின் ஞாயிற்றுக்கிழமைக் கவுன்டரில் முத்திரை குத்தி எட்டரைக்குள் கொண்டுவந்து கொடுத்தாள். போகிற வழியில் காளியண்ணனுக்குப் போன் போட்டுச் சொன்னாள். அந்தப் பக்கம் ஒரே இரைச்சல். "சரிங்க்கா, சரிங்க்கா" என்றது மட்டும் கேட்டது.

ரித்விக் அவளை இருக்கச் சொன்னார். கைதட்ட ஓர் ஆளாவது வேண்டுமே. மேசையில் பட்டுத் துணி, அதன் மேல் புட்டி, பக்கத்தில் வெற்றிலை, பழம். எதிரில் பெண் வீட்டாருக்குப் பன்னிரண்டு நாற்காலி.

சரியாகப் பத்து மணிக்குக் கார் வந்தது. பெரிய கார். முன்கதவு திறந்து வழக்கறிஞர் தர்ஷன் மாரப்பன் இறங்கினார். வெள்ளை வேட்டி, விசிறி மடிப்புத் துண்டு, கையில் ஒரு புட்டி. பின்கதவு திறக்கும் என்று ரித்விக் காத்திருந்தார். திறக்கவில்லை.

"வர வேண்டும், வர வேண்டும். அம்மையாரும் பெண்ணும்…?"

"வரலீங்க." மாரப்பன் புட்டியை மேசையில் வைத்தார். அதிலும் முத்திரை இருந்தது. "நம்ம பக்கமும் ஒரு புட்டி கொண்டுட்டு வரோணுமில்லீங்களா. அதுக்காக ஒரு வாரம் அவங்களை வெளிய அனுப்ப வேண்டியதாப் போச்சு. எங்க வீட்டுல ஒரே ஆளு வெச்சுத்தான் பத்துக்கு வந்துச்சு." சுற்றிலும் பார்த்தார். பன்னிரண்டு காலி நாற்காலிகளையும், அடுக்களைப் பக்கம் ஆள் அரவம் இல்லாததையும் பார்த்தார். "உங்க வீட்டுலயுமுங்களா?"

"ஏறக்குறைய" என்றார் ரித்விக்.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் மரியாதையோடு பார்த்துக்கொண்டார்கள். தராதரம் தெரிந்துபோன சம்பந்திகள். புட்டிகளைத் திருப்பித் திருப்பி முத்திரையைப் படித்தார்கள். அந்தப் பத்து எவ்வளவு துல்லியமான பத்து என்று வியந்தார்கள். இந்தக் காலத்தில் அமைதியான குடும்பங்கள் அருகிவிட்டதைப் பற்றிக் கால்மணி நேரம் வருந்தினார்கள். தட்டு மாற்றிக்கொண்டார்கள். தை மாதம் பதினான்காம் தேதி என்று நாளும் குறித்தார்கள்.

"வீட்டம்மாவுக்குச் சொல்லிவிடுவோம்" என்று ரித்விக் கோபிக்குப் போன் போட்டு, சம்பந்தியும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தார்.

எடுத்ததும் சிரிப்புச் சத்தம் கேட்டது. நான்கைந்து பேர் ஒரே நேரத்தில் பேசினார்கள். லோகித்தின் குரல், "பொண்ணுக்கு இன்னொரு வடை வைங்க!" என்றது.

"ஏனுங்க, சொல்லுங்க" என்றார் வர்ஷிதா.

"முகூர்த்தம் முடிவாகிவிட்டது. தை பதினான்கு. எல்லோரும் இனிக் கிளம்பி வரலாம். அங்கே யார் பெண்?"

"நாச்சாயிதானுங்க. அவங்கம்மாவும் வந்திருக்காங்க. வீட்டுல டிரம்மு இருக்குதுன்னு அனுப்பிட்டாங்களாமே, எங்கிங்க போவாங்க பாவம். காளியண்ணன் போன்ல இங்க வரச் சொன்னான். முந்தாநேத்துல இருந்து இங்கதான்."

மாரப்பன் முன்னால் குனிந்தார். "நாச்சாயி! நீ அங்க என்ன பண்றே?"

"அப்படியா?" என்றார் ரித்விக் போனைப் பார்த்து.

அறையில் அந்தச் சொல் விழுந்தது. கருணாம்பிகையின் முதுகு தானாக நிமிர்ந்தது. ஆனால் கோபி எண்பது கிலோமீட்டர் தூரம். போன் எல்லாவற்றையும் கொண்டுபோகிறது, வாசனையைத் தவிர.

"ஆமாங்க" என்றார் வர்ஷிதா, சாவகாசமாக. "தை பதினாலு நல்ல நாளுதானுங்க. இங்கயே கோயில்ல வெச்சுக்கறோம். நாங்க அங்க வர்றது உங்களுக்குத்தான் சரிப்படாது. ஒருக்கா முத்திரை வாங்கிட்டா அப்புறம் மூணு மாசத்துக்கு ஒருக்கா வாரியத்துல இருந்து புதுப் புட்டி கேப்பாங்கல்லங்க? நாங்க வந்தா மறுபடியும் இருபத்தாறுல நின்னு போயிரும். அப்புறம் உங்க பேரு என்னாகறது? வேண்டாமுங்க. சம்பந்தி அவங்க வீட்டுல இருக்கட்டும், நீங்க நம்ம வீட்டுல இருங்க. கல்யாணப் பத்திரிகை அடிச்சதும் ரெண்டு பேருத்துக்கும் தபால்ல அனுப்பறோம். அவசியம் வந்துட்டுப் போங்க."

போன் வைக்கப்பட்டது. ஓர் உரை ஆற்ற வேண்டும் என்று ரித்விக்கின் உதடு திறந்தது. கேட்க அந்த அறையில் போதுமான ஆள் இல்லாததால் மூடிக்கொண்டது. பிறகு எழுந்து போய், சம்பந்திக்கு உபசாரமாக இரண்டு டம்ளர் எடுத்து வந்தார். எந்த அலமாரியில் இருக்கிறது என்று தெரியாமல் கொஞ்சம் நேரமாயிற்று.

கருணாம்பிகை தன் மிதவையையும் ஜாடியையும் துடைத்துப் பெட்டியில் வைத்தாள். வேலை முடிந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு கேட் வரை வந்துவிட்டாள். பின்னால் வேட்டி சரசரத்தது. மாரப்பன் வேகமாக வந்தார், துண்டின் மடிப்பு கலைந்திருந்தது. ஒருமுறை திரும்பி வீட்டைப் பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

"அம்மணி, நீங்க பொள்ளாச்சிப் பக்கம் வருவீங்களா?"

"வருவனுங்க. ஏனுங்க?"

"நேத்துக் காலையில அடுத்த தவணைக்குன்னு புது டிரம்மு போட்டேன். மதியமே நின்னு போச்சு. சூடெல்லாம் பார்த்துட்டேன், சுத்தியும் பார்த்துட்டேன். ஒண்ணும் வேலைக்காவல."

"வீட்டுல யார் யாருங்க இருக்கறாங்க?"

மாரப்பன் துண்டால் கழுத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"நான் மட்டுந்தானுங்க" என்றார்.